ஒண்ணாப்புப் பிள்ளைக்கு இங்கிலீஷ் வாசிப்பு: எங்கே தொடங்குவது, எந்த வரிசையில் போவது?

வில்லாபுரம் டியூசன்

எல்லோருக்கும் வணக்கம். ஆறு வயசுப் பையன், ஒண்ணாப்பு, இங்கிலீஷ் மீடியம். ஏபிசிடி முழுசாகச் சொல்கிறான், பார்த்து அழகாக எழுதுகிறான், 'சி ஏ டி கேட்' என்று ஒப்பிக்கிறான். அதே 'கேட்'டில் முதல் எழுத்தை மட்டும் மாற்றி 'மேட்' என்று எழுதிக் காட்டினால் வாயே திறப்பதில்லை. வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. சாயங்காலம் தினமும் அரை மணி நேரம் அவனுக்கென்று ஒதுக்க முடியும். எதிலிருந்து ஆரம்பிப்பது?

சிலேட்டுக்குச்சி

பையனிடம் ஒரு குறையும் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பது எழுத்தின் பேர். வாசிக்கத் தேவைப்படுவது எழுத்தின் ஓசை. 'சி', 'ஏ', 'டி' மூன்றையும் எத்தனை வேகமாகச் சேர்த்துச் சொன்னாலும் 'சியேடி' என்றுதான் வரும். 'கேட்' என்பதை அவன் படத்தைப் பார்த்து மனப்பாடம் பண்ணியிருக்கிறான், அவ்வளவுதான்.

தமிழ்ப் பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது சுலபம், ஏனென்றால் மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் ஆகும் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும், அல்லது இந்த வருசமே தெரியப்போகிறது. ம் + ஆ = மா. இங்கிலீஷிலும் நடப்பது இதேதான். ஆகவே மெய்யெழுத்துகளை 'எம்', 'என்', 'எஸ்' என்று சொல்லாமல் புள்ளி வைத்த ம், ந், ஸ் என்றே அறிமுகப்படுத்துங்கள். எழுத்தின் பேர் எங்கும் ஓடிப்போகாது, அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயம். தமிழில் தட்டச்சு செய்யும்போது இரண்டு 'டி', இரண்டு 'பி' வந்து குழப்பும். அதனால் டீக்கடை டி, டாக்டர் டி, பென் பி, பஸ் பி என்று எழுதுகிறேன். பிள்ளைகளிடமும் அப்படியே சொல்லுங்கள்.

வரிசை: ஏபிசிடி வரிசையில் போகாதீர்கள். முதல் ஆறு எழுத்து எஸ், ஏ, டீக்கடை டி, பென் பி, ஐ, என். இந்த ஆறை வைத்தே சிட், சிப், டிப், டின், பின், நிப், பேன், டேப், நேப் என்று இருபதுக்கும் மேற்பட்ட சொல் கட்டலாம். முதல் வாரத்திலேயே பிள்ளை 'வாசித்தேன்' என்று வீட்டுக்குப் போய்ச் சொல்லும். அடுத்து எம், டாக்டர் டி, ஜி, ஓ, சி, கே. அதற்கடுத்து ஈ, யூ, ஆர். பிறகு ஹெச், பஸ் பி, எஃப், எல். கடைசியில் ஜே, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட், க்யூ. டாக்டர் டியும் பஸ் பியும் தள்ளித் தள்ளி வருவதைக் கவனியுங்கள். அதை வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுத்தால் அந்தக் குழப்பம் மூணாப்பு வரைக்கும் விடாது.

பிரிட்டன் பள்ளிகளில் நாளுக்கு ஓர் ஓசை என்று போகும் முறைகள் உண்டு. அங்கே பிள்ளை அந்தச் சொற்களை எல்லாம் ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கிறது. நமக்கு வாரத்துக்கு மூன்று போதும். 26 எழுத்தும் முடிய ஒன்பது பத்து வாரம் ஆகும். அவசரப்பட்டு ஐந்து, ஆறு என்று ஏற்றினால் பழையது கழன்றுவிடும்.

சிலேட்டுக்குச்சி

தொடர்ச்சி, ஓசைகளைச் சேர்ப்பது பற்றி. பெரும்பாலான பிள்ளைகள் தடுக்கி நிற்பது இங்கேதான்.

முதல் கோளாறு, நாம் மெய்க்குப் பின்னால் ஒட்டவைக்கும் 'உ'. 'ஸு', 'டு', 'பு' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு 'சிட்' வாசிக்கச் சொன்னால் பிள்ளை 'சுஇடு' என்கும். அது பிள்ளையின் தப்பு இல்லை. நம் பேச்சில் பஸ்ஸு, புக்கு, கப்பு என்று வருவதால் நமக்கே தெரியாமல் அந்த உகரம் ஒட்டிக்கொள்ளும். ஸ், ம், ந், ல், ஃப் ஆகியவற்றை இழுத்துச் சொல்லலாம்: ஸ்ஸ்ஸ், ம்ம்ம். ட், ப், க் ஆகியவற்றை இழுக்க முடியாது; நறுக்கென்று வெட்டி நிறுத்தவேண்டும். அதனால் முதல் சொற்கள் இழுக்கக்கூடிய ஓசையில் தொடங்கட்டும். 'சிட்', 'நிப்' முதலில். 'டிப்', 'பின்' இரண்டு நாள் கழித்து.

இரண்டாவது, சேர்க்கும் முறை. இங்கிலீஷ் வாசிப்புப் புத்தகங்கள் பலவற்றில் முதல் மெய்யைத் தனியாக வைத்து மீதியை ஒட்டவைப்பார்கள்: ம் – ஏட், ஸ் – ஏட். நம் பிள்ளைக்கு மே – ட் என்று போவதுதான் வசதி. காரணம், 'மே' அவனுக்கு ஓர் எழுத்து. செய்யும் விதம் இதுதான்: சிலேட்டில் மூன்று எழுத்தையும் விரல்கடை இடைவெளி விட்டு எழுதுங்கள். கடைசி எழுத்தை உங்கள் கட்டைவிரலால் மூடுங்கள். பிள்ளையின் ஆள்காட்டி விரல் முதல் எழுத்தின் அடியில் ம்ம்ம் என்று தொடங்கி, ஓசை அறுபடாமல் இரண்டாவது எழுத்துக்கு நகரவேண்டும். 'மே' என்று வந்ததும் கட்டைவிரலை எடுங்கள். 'மே... ட்'. விரல் நிற்கும் இடத்தில் ஓசையும் நின்றுபோனால் மறுபடி முதலிலிருந்து. நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். மனசுக்குள் ஐந்து எண்ணும் வரை காத்திருங்கள். நாம் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொரு தடவையும் பிள்ளை நம் வாயைப் பார்க்கப் பழகுமே தவிர எழுத்தைப் பார்க்காது.

ஒத்தக்கடை வாத்தியார்

மேலே சொன்னதெல்லாம் சரி. பென் பி, பஸ் பி வேறுபாட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் முதல் பெரிய சிக்கல் அதுதான். தமிழில் இரண்டு ஓசைக்கும் எழுத்து ஒன்று. ஆனால் இரண்டு ஓசையும் பிள்ளையின் வாயில் தினமும் புழங்குகிறது. 'பம்பரம்' சொல்லச் சொல்லுங்கள். முதல் ப பென்னின் ஓசை, இரண்டாவது ப பஸ்ஸின் ஓசை. இல்லாத ஓசையைப் புதிதாகக் கற்றுக்கொடுக்கவேண்டியதில்லை. இருப்பதைக் காதில் பிரித்துக் காட்டினால் போதும்.

அதே மாதிரி வட்டி – வண்டி: முன்னது டீக்கடை டி, பின்னது டாக்டர் டி. பாக்கு – பங்கு: முன்னது கே, பின்னது கேஸ் அடுப்பின் ஜி. அப்பு – அம்பு. இந்த மூன்று ஜோடியை வாயால் மட்டும், எழுத்தே இல்லாமல், மூன்று நான்கு நாள் விளையாடுங்கள். நீங்கள் ஒரு சொல் சொல்லவேண்டும். தட்டுகிற ஓசை (வட்டி, பாக்கு, அப்பு) என்றால் பிள்ளை கைதட்டட்டும், முழங்குகிற ஓசை (வண்டி, பங்கு, அம்பு) என்றால் மேசையைத் தட்டட்டும். பிறகுதான் அட்டையில் எழுத்து.

சில வழிகாட்டிகளில் வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடி, பென் பிக்குக் காகிதம் ஆடும், பஸ் பிக்கு ஆடாது என்று இருக்கும். அது இங்கிலீஷ்காரர்கள் காற்றை ஊதிச் சொல்லும் விதத்துக்குப் பொருந்தும். நம் 'ப'வில் அந்த ஊதல் இல்லாததால் காகிதம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும், பிள்ளை குழம்பும். அதை விட்டுவிடுங்கள்.

தமிழில் இல்லாத ஓசைகளை மட்டும் வாயைக் காட்டிச் சொல்லுங்கள். எஃப்: மேல்பல் கீழுதட்டில் பட, காற்று மட்டும். வி: அதே இடம், கூடவே தொண்டை அதிரவேண்டும். டபிள்யூ: பல் படவே கூடாது, உதடு குவியவேண்டும். 'வேன்' என்கும்போது பல், 'வெட்' என்கும்போது உதடு. இசட்: ஸ்ஸ்ஸ் இழுத்துக்கொண்டே தொண்டையை அதிரவிட்டால் வரும், கையைக் கழுத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

உயிரில் தொல்லை கொடுப்பது 'பேட்', 'கேட்' சொற்களில் வரும் குட்டி ஏ. பூனையும் வாசல் கேட்டும் நமக்கு ஒரே 'கேட்'. பூனைக்கு வாயை 'ஆ' அளவுக்கு அகலத் திறந்துகொண்டு 'எ' சொல்லவேண்டும். தாடை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். 'எக்' என்பதை 'யெக்' என்று சொன்னால் கண்டிக்கவேண்டாம், திரும்பச் சரியாகச் சொல்லிக் காட்டினால் போதும். வாசிப்பை அது தடுக்காது.

கீழவாசல் பஸ்

சார், ஒரு சந்தேகம். பாடப் புத்தகத்தில் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கும் மேலே பென்சிலால் தமிழில் எழுதிக் கொடுத்தால் பிள்ளை வீட்டிலும் தானாக வாசிக்குமே? நிறைய டியூசனில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஒத்தக்கடை வாத்தியார்

தயவுசெய்து வேண்டாம். கண் எப்போதும் சுலபமான வரிக்குத்தான் போகும். பிள்ளை தமிழ் வரியை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டும். இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தே இருக்காது. அடுத்து, 'பேட்' என்று மேலே எழுதினால் அது கிரிக்கெட் மட்டையா, முதுகில் தட்டுவதா, கெட்டது என்பதா, பரீட்சைக்கு எடுத்துப்போகும் அட்டையா? நாலுக்கும் தமிழில் ஒரே எழுத்து. எந்த வித்தியாசத்தைக் காதில் பிரித்துக் காட்ட மெனக்கெடுகிறோமோ அதையே பென்சிலால் அழித்த மாதிரி ஆகும்.

பொருளைத் தமிழில் சொல்லுங்கள், தாராளமாக. ஓசையைத் தமிழ் எழுத்தில் எழுதிவைக்காதீர்கள்.

வைகை வடகரை

ஓசை ஓசை என்றே போகிறது. பொருள் தெரியாமல் 'நேப்', 'சிப்' என்று வாசித்து என்ன பயன்? ஓசையைக் கூட்டி வாசிக்கும், கேட்டால் என்னவென்றே தெரியாது, இப்படிப் பிள்ளைகள் ஏராளம். என் கருத்து, முதல் சொற்கள் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருப்பவையாக இருக்கவேண்டும். நம் வீட்டுப் பேச்சிலேயே எத்தனை இருக்கிறது பாருங்கள்: பஸ், பன், கப், மக், டப், ஜக், பேக், பேட், பென், பெட், நெட், ஃபேன், வேன், ஜாம், கம், நட், டின், பின், பாக்ஸ். சாமான்களில் முக்கால்வாசி அடுப்படியிலும் பள்ளிக்கூடப் பையிலும் கிடக்கிறது. சாமானைக் கையில் எடுத்துக் கொடுத்து, சொல்லட்டும், பிறகு சொல்லின் ஓசைகளை விரல்விட்டு எண்ணட்டும், பிறகு அட்டை. 'மக்கு' இல்லை, 'மக்'. அந்த உகரத்தை வெட்டுவதே ஒரு பயிற்சிதான்.

டால்ச் பட்டியல் என்று 1936இல் அமெரிக்காவில் வந்த 220 சொல் பட்டியல் இருக்கிறது. பிள்ளைப் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள். அதைக் கண்ணால் பார்த்தே மனப்பாடம் பண்ணவைத்தால் வாசிப்பு வேகம் பிடிக்கும்.

சிலேட்டுக்குச்சி

வீட்டுச் சொற்கள் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அந்தப் பட்டியலை எடுத்து என் வரிசையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: முதல் ஆறு எழுத்திலேயே டின், பின், பேன் வந்துவிடுகிறது. எம், ஜி, சி வந்ததும் ஜாமிலிருந்து ஜேயை மட்டும் எடுத்துவிட்டால் மீதி ஓசைகள் தெரிந்தவை. யூ வரும்போது கப், மக், கம், நட் எல்லாம் ஒரே நாளில் திறந்துவிடும். பஸ் பி வந்ததும் பஸ், பன், டப்.

டால்ச் பட்டியலில் மட்டும் உங்களோடு உடன்பாடு இல்லை. அந்த 220இல் ஏட், இன், இட், கேன், நாட், ரெட், ரன், சிட், டென் எல்லாம் ஓசை கூட்டியே வாசிக்கக்கூடியவை. அவற்றைப் படம்போல் மனப்பாடம் பண்ணவைத்தால் பிள்ளை எல்லாச் சொல்லையும் அப்படியே பார்க்கப் பழகும். 'வென்' என்பதை 'தென்' என்று வாசிப்பதும், முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிப்பதும் இதனால்தான் வருகிறது. உண்மையிலேயே ஓசைக்கு அடங்காத சொல் கொஞ்சம்: த, வாஸ், செட் ('சொன்னான்' என்ற பொருளில் வருவது), யூ, டு, ஆஃப், ஒன், தே, மை மாதிரி. வாரத்துக்கு இரண்டு போதும். அதிலும் முழுச் சொல்லும் முரண்டு பிடிப்பதில்லை. 'செட்' என்பதில் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் ஒழுங்கானவை. நடுவில் வரும் ஏ, ஐ இரண்டும்தான் ஏமாற்றுகிறது. அந்த இரண்டை மட்டும் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டினால் பிள்ளை வட்டத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

வைகை வடகரை

சிவப்பு வட்டம் நல்ல யோசனை. ஒத்துக்கொள்கிறேன், ஓசைக்கு அடங்குவதை அடங்கவிடலாம். ஆனால் வாசித்த பிறகு ஒரு கேள்வியாவது கேட்காமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். தமிழில் கேளுங்கள், தமிழில் பதில் வரட்டும். புரிந்ததா என்பதுதான் அங்கே பரீட்சை, இங்கிலீஷ் பேசத் தெரியுமா என்பது இல்லை.

மேலூர் அக்கா

தமிழே இன்னும் வாசிக்க வராத பிள்ளைக்கு இதையெல்லாம் ஆரம்பிக்கலாமா? முதலில் தமிழ் உயிர்மெய் வரிசை முழுதும் முடியட்டும், பிறகு இங்கிலீஷ் என்பதுதான் என் எண்ணம்.

ஒத்தக்கடை வாத்தியார்

அக்கா, எண்ணம் நல்லதுதான். ஆனால் இங்கிலீஷ் மீடியத்தில் உட்காரவைத்த பிள்ளைக்கு நாளைக்கே புத்தகம் வந்து நிற்கும், காத்திருக்க முடியாது. 247 எழுத்தும் முடியவேண்டும் என்று இல்லை. ஒரு சின்னச் சோதனை போதும். எழுத்தைக் காட்டாமல், வாயால் 'ப்... ஆ... ல்' என்று விட்டுவிட்டுச் சொல்லுங்கள். பிள்ளை 'பால்' என்று சேர்த்துச் சொன்னால் அவனுக்கு ஓசை சேர்க்கும் திறன் இருக்கிறது, இங்கிலீஷ் எழுத்தைத் தொடங்கலாம். சொல்லத் தெரியாவிட்டால் இரண்டு வாரம் தமிழிலேயே இந்த விளையாட்டு: மீன், கல், நாய், பூ, வால். எழுத்து எதுவும் வேண்டாம். காதில் நடக்காதது காகிதத்தில் நடக்காது.

தமிழையும் விடவேண்டாம். தமிழ் வாசிப்பு வேகம் எடுக்க எடுக்க இங்கிலீஷும் கூடவே வரும், எதிரி இல்லை.

வில்லாபுரம் டியூசன்

ரொம்ப நன்றி. இன்னொன்று. மொத்தம் ஆறு பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்று யூகேஜி, இரண்டு ஒண்ணாப்பு, மூன்று ரெண்டாப்பு. எல்லோரையும் ஒன்றாக வைத்து எப்படி நடத்துவது? சிலேட்டு வேண்டுமா, நோட்டு வேண்டுமா?

மேலூர் அக்கா

வகுப்பைப் பார்க்காதீர்கள், நிலையைப் பாருங்கள். அரசுப் பள்ளிகளில் 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதும் இதற்குத்தான். ரெண்டாப்புப் பிள்ளை அரும்பில் இருக்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரிப்பதற்குப் பத்து நிமிடம் போதும். பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் அசர் கணக்கெடுப்பில் இங்கிலீஷுக்கு வைத்திருக்கும் படிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: பெரிய எழுத்து, சின்ன எழுத்து, மூன்றெழுத்துச் சொல், சின்ன வாக்கியம். சொல் படியில் ஐந்து சொல் காட்டி நாலு சரியாக வந்தால் அந்தப் படி தேறியது, அடுத்ததைப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே பாடம். கூடவே பொருளற்ற சொல் இரண்டு மூன்று எழுதிக் காட்டுங்கள்: 'மிப்', 'டேஸ்', 'நிம்' மாதிரி. மனப்பாடக்காரப் பிள்ளை அங்கே மாட்டிக்கொள்ளும். ஓசை தெரிந்த பிள்ளை சிரித்துக்கொண்டே வாசித்துவிடும்.

அரை மணியை இப்படிப் பிரியுங்கள். முதல் ஐந்து நிமிடம் எல்லோரும் சேர்ந்து பழைய அட்டை. அடுத்த ஐந்து புதிய ஓசை, வாயால் மட்டும். பிறகு பத்து நிமிடம் ஒரு குழு உங்களிடம் வாசிக்க, மற்றவர்கள் சிலேட்டில் எழுத. கடைசிப் பத்தில் சொல்வதை எழுதுதல்: மூன்று சொல், ஒரு வாக்கியம். 'டேப்' எழுதச் சொல்லும்போது ஸ்பெல்லிங் சொல்லாதீர்கள். பிள்ளை மூன்று ஓசையையும் விரல்விட்டு எண்ணி, ஓசைக்கு ஒரு கோடு போட்டு, கோட்டின் மேல் எழுத்தை வைக்கட்டும். ஒரு ஓசை விட்டுப்போனால் கோடு காலியாக நிற்கும், பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு மாதம் சிலேட்டுதான். அழிக்க முடியும் என்றால் பிள்ளைக்குப் பயம் இருக்காது. பிறகு நாலு கோடு நோட்டு. பெரிய எழுத்தில் தொடங்காதீர்கள்; புத்தகத்தைத் திறந்து பாருங்கள், பக்கம் முழுக்கச் சின்ன எழுத்துதான். சின்ன எழுத்திலும் ஒரே கையசைவில் வருபவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். சி போல் இடப்பக்கம் வளைந்து தொடங்குபவை: சி, ஏ, டாக்டர் டி, ஜி, ஓ, க்யூ. கோடு இறங்கி மேலேறி வளைபவை: ஆர், என், எம், ஹெச், பஸ் பி, பென் பி. டாக்டர் டிக்கும் பஸ் பிக்கும் குழப்பம் வருவது உருவத்தால். மருந்து கையில் இருக்கிறது. டாக்டர் டி எப்போதும் வளைவில் தொடங்கும், பஸ் பி எப்போதும் கோட்டில் தொடங்கும். தொடங்கும் இடத்தில் பச்சைப் புள்ளி வைத்துக் கொடுங்கள். ஏழு வயசு வரை எப்போதாவது திருப்பிப் போட்டால் கவலை வேண்டாம்.

கீழவாசல் பஸ்

எண்ணும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறார்கள் சார், அதிலும் ஒரு சிக்கல். 'தர்ட்டீன்' எழுதச் சொன்னால் 31 என்று எழுதுகிறது. தமிழில் பதிமூணு கேட்டால் சரியாக எழுதுகிறது. ஏன் இப்படி?

ஒத்தக்கடை வாத்தியார்

பதிமூணில் பத்து முன்னால், மூணு பின்னால். இலக்கம் எழுதும் வரிசையும் அதுவே. தர்ட்டீன், ஃபோர்ட்டீன், சிக்ஸ்டீனில் ஒன்றின் இடம் முன்னால் கேட்கிறது, பத்து பின்னால் வருகிறது. பிள்ளை கேட்ட வரிசையில் எழுதிவிடுகிறது. கணக்குத் தெரியாததால் வரும் தப்பு இல்லை இது. லெவன், ட்வெல்வ் இரண்டையும் தனியாக மனப்பாடம் செய்யவிடுங்கள். தர்ட்டீன் முதல் நைன்டீன் வரை ஈர்க்குச்சி வைத்துச் செய்யுங்கள்: பத்துக் குச்சியை ரப்பர் பேண்டு போட்டு ஒரு கட்டு, பக்கத்தில் மூன்று உதிரி. 'டீன்' காதில் விழுந்ததும் கட்டை இடப்பக்கம் வைக்கவேண்டும், பிறகுதான் உதிரி, பிறகுதான் எழுதுவது. தர்ட்டீன் – தர்ட்டி குழப்பத்துக்கும் இதே குச்சிதான்: 'டீன்' என்றால் ஒரு கட்டு, 'டி' என்றால் பல கட்டு. டீனை நீட்டிச் சொல்லுங்கள், அழுத்தம் அங்கே விழட்டும்.

வைகை வடகரை

மூன்றெழுத்துச் சொல் கைவசமான பிறகு எங்கே போவது என்பதையும் யாராவது சொல்லிவிடுங்கள். நிறையப் பேர் அங்கே வந்ததும் நேராகப் பாடப் புத்தகத்துக்குப் போய்விடுகிறார்கள், பிள்ளை திணறுகிறது.

சிலேட்டுக்குச்சி

முதலில் இரண்டெழுத்து சேர்ந்து ஒரே ஓசை தருபவை: ஷிப்பில் வருவது, சிக்கனில் வருவது, தின் – திஸ் சொற்களில் வருவது, கிங்கின் கடைசியில் வருவது, டக்கின் கடைசியில் வருவது. இவற்றை ஒரே அட்டையில் ஒட்டி எழுதுங்கள், பிரிக்கவே கூடாது. பிறகு ஸ்டாப், ஃப்ராக், ஸ்கிப் மாதிரி இரண்டு மெய் முன்னால் வருபவை. இங்கே பிள்ளை 'இஸ்டாப்' என்று இகரம் சேர்க்கும். ஸ்ஸ்ஸ் என்று நீட்டி, நீட்டலின் முடிவில் 'டாப்' என்று விழவைத்தால் இகரம் போய்விடும்.

நெடில் அதற்குப் பிறகு. ட்ரீயில் வரும் இரட்டை ஈ, மூனில் வரும் இரட்டை ஓ, ரெயினில் வருவது, போட்டில் வருவது. கடைசியாகச் சொல்லின் முடிவில் பேசாமல் நிற்கும் ஈ. தண்ணீர் 'டேப்'போடு ஒரு ஈ சேர்த்தால் ஒட்டும் 'டேப்', 'கிட்'டோடு சேர்த்தால் 'கைட்', 'பின்'னோடு சேர்த்தால் 'பைன்'. ஈ வாயைத் திறக்காது, நடுவில் நிற்கும் உயிரை அதன் பேரைச் சொல்லவைக்கும். எழுத்தின் பேர் வாசிப்புக்கு உதவுவது முதன்முதலாக இங்கேதான், அதனால்தான் பேரை இவ்வளவு தள்ளிப்போடலாம் என்றேன். அட்டையின் ஓரத்தில் ஒரு ஈயை மடித்துவைத்து, விரித்தால் சொல் மாறும்படி செய்யுங்கள். பிள்ளைகள் விடாமல் மடித்து விரித்துக்கொண்டே இருக்கும்.

புத்தகத்துக்குக் காசு செலவழிக்கவேண்டியதில்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைக் கதைகள் இலவசம். ஒரே கதை தமிழிலும் இங்கிலீஷிலும் பல இருக்கிறது. தமிழில் முதலில் வாசித்துக் காட்டிவிட்டு, மறுநாள் இங்கிலீஷில். மதுரை புதுநத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரு வழி: ஒரு பக்கத்தைத் திறந்து வாசிக்கச் சொல்லுங்கள், ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

மேலூர் அக்கா

ஒன்று விட்டுப்போனது. இரண்டு மூன்று மாதம் ஒழுங்காகச் சொல்லிக் கொடுத்தும் ஓசை நிற்கவில்லை என்றால், தமிழ் வாசிப்பு எப்படி என்று பாருங்கள். தமிழ் நன்றாக வந்து இங்கிலீஷ் மட்டும் வரவில்லை என்றால் நாம் சொல்லிக்கொடுக்கும் முறையை மாற்றவேண்டும். இரண்டிலும் அதே திணறல் என்றால் திட்டாமல், அடிக்காமல், முதலில் கண்ணையும் காதையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். தலையைச் சாய்த்து வாசிப்பது, போர்டை எட்டிப் பார்ப்பது, சளி பிடித்தால் பாதிச் சொல் காதில் விழாமல் 'ஆங்?' என்று கேட்பது எல்லாம் அறிகுறி. அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே பிரிவு இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் தொடர்ந்தால் கற்றல் குறைபாடு பற்றி நிபுணரிடம் பார்க்கலாம். மக்கு என்ற பட்டத்தை மட்டும் யாரும் கட்டிவிடவேண்டாம்.

வில்லாபுரம் டியூசன்

எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். கடைசியாக ஒன்று. அந்தப் பையனின் அம்மா, 'எனக்கு இங்கிலீஷ் தெரியாது, நான் எப்படிப் பார்த்துக்கிறது' என்று வருத்தப்படுகிறார். வீட்டில் அவர் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

மேலூர் அக்கா

நிறைய இருக்கிறது தங்கச்சி. ஒரு சார்ட் அட்டை வாங்கி ஐந்து தடவை பாதி பாதியாக மடித்து வெட்டினால் 32 அட்டை கிடைக்கும். 26 எழுத்து, மீதி ஆறில் ஷிப், சிக்கன், தின், கிங், டக், ட்ரீ சொற்களின் ஒட்டெழுத்துகள். உயிருக்குச் சிவப்பு, மெய்க்கு நீலம். முன்பக்கம் எழுத்து, பின்பக்கம் படம். படம்தான் அம்மாவுக்கு விடைத்தாள். பின்னால் பஸ் வரைந்திருந்தால், பிள்ளை எழுத்தைப் பார்த்துப் பஸ்ஸின் முதல் ஓசையைச் சொல்கிறதா என்று அம்மா காதால் கேட்டே சரிபார்த்துக்கொள்ளலாம்.

படத்தில் மட்டும் கவனம். கடையில் விற்கும் சார்ட்டில் ஐக்கு ஐஸ்கிரீம், ஜிக்கு ஒட்டகச்சிவிங்கி, எக்ஸுக்கு எக்ஸ்ரே என்று இருக்கும். அதெல்லாம் நமக்கு வேண்டிய ஓசை இல்லை. ஐக்கு மைப் புட்டி, அதுதான் 'இங்க்'. ஜிக்கு கோந்துப் புட்டி, 'கம்'. ஓவுக்கு ஆரஞ்சு, யூவுக்குக் குடை, ஈக்கு முட்டை. எக்ஸுக்குப் பெட்டியை வரைந்து, அங்கேயும் கிங், டக், ட்ரீ அட்டைகளிலும் மட்டும் கடைசி ஓசையைக் கேட்கவேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ஐந்து நிமிடம், பத்து அட்டை, அதற்கு மேல் வேண்டாம். சரியாகச் சொன்னது ஒரு பக்கம், தப்பிப்போனது ஒரு பக்கம். தப்பிப்போன அட்டைகளை மட்டும் ரப்பர் பேண்டு போட்டு மறுநாள் உங்களிடம் கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். அதில் மூன்றுக்கு மேல் இருந்தால் அன்றைக்குப் புதிய ஓசை தொடங்காதீர்கள்.